நாற்பத்தொரு பக்க மினிட்ஸ்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் சங்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆக்லாந்தில் தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை. இது அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அன்புள்ள அக்கா, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தாங்கள் எழுதி அனுப்பிய மினிட்ஸ் கிடைத்தது. மொத்தம் நாற்பத்தொரு பக்கம் இருக்கிறது. வழக்கமாக இரண்டு பக்கம் போதும். சுருக்க நேரமில்லாவிட்டால் பரவாயில்லை, மற்றவை அப்படியே இருக்கட்டும். இருபத்தேழாம், இருபத்தெட்டாம் பக்கங்களை மட்டும் எடுத்துவிடவும். இது செயற்குழுவின் ஒருமனதான முடிவு."

ஒருமனதான என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் செயற்குழுவில் பத்துப் பேர். ஐந்து பேர் தலைவர் பக்கம், ஐந்து பேர் செயலாளர் பக்கம். பொங்கலை எந்தச் சனிக்கிழமை வைப்பது என்பதில் ஒத்துப்போகாமல் மாசி பிறந்த பிறகு பொங்கல் வைத்தவர்கள். மேடைக்குப் பின்னால் கட்டும் துணியின் நிறத்துக்காக மூன்று கூட்டம் போட்டவர்கள். அவர்கள் ஒருமனதாக ஒன்றைச் செய்கிறார்கள் என்றால், அது யாரையோ குழியில் தள்ளுவதற்காகத்தான் இருக்கும். இதை நான் ஆக்லாந்தில் கற்றுக்கொள்ளவில்லை. ஊரிலேயே, அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றேன்.

பேருந்தில் போகும்போது அந்த மின்னஞ்சலை நான்கு தடவை படித்தேன். என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய், மழையில் இரண்டு தெரு திரும்பி நடந்தேன்.

2

ஊரில் நான் சட்டமன்றத்தில் நிருபராக இருந்தேன். பத்திரிகை நிருபர் இல்லை. சபாநாயகரின் மேடைக்குக் கீழே, அவையின் நட்டநடுவில் ஒரு மேசை இருக்கும். அங்கே உட்கார்ந்து உறுப்பினர்கள் பேசுவதை வரிக்கு வரி தமிழ்ச் சுருக்கெழுத்தில் எடுப்பவர்களுக்கும் நிருபர் என்றுதான் பெயர். ஐந்து நிமிடம் எழுத வேண்டும். அடுத்த ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்துபோய், எடுத்ததைத் தட்டச்சு செய்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்கு முறை என்று பெயர். "இப்ப யார் முறை?" என்பதுதான் எங்கள் அறையில் அதிகம் கேட்கும் பேச்சு. அமைச்சர் அழுதாலும் சரி, நாற்காலி பறந்தாலும் சரி, உன் முறையில் நடந்தது உன் பொறுப்பு.

எந்தச் சட்டமன்றம், எந்த ஆண்டு என்று சொல்ல மாட்டேன். சொன்ன உடனே 'ஓ, அந்தக் கட்சியா' என்று பாதிப் பேர் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். மீதிப் பேர் குஷியாகிவிடுவீர்கள். எனக்கு இரண்டும் வேண்டாம்.

மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது இங்கே வந்தோம். வேலை வாங்கித் தரும் ஏஜென்சியில் ஒரு சின்னப் பெண் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "நிமிடத்துக்கு இத்தனை வார்த்தை என்றால் எதில், டைப்பிங்கிலா?" என்று கேட்டாள். சுருக்கெழுத்து என்று விளக்கினேன். "ஓ லவ்லி! ஆனால் அதற்குத்தான் இப்போது ஃபோன் இருக்கிறதே" என்றாள். பதினொரு வருட உத்தியோகம் ஒரு லவ்லியில் முடிந்தது. அதன் பிறகு ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் குமரேசன் என்பவரின் உணவுக் கம்பெனியில் இரண்டு வருடம் உறைந்த பரோட்டாவைப் பையில் போட்டு ஒட்டினேன். இப்போது பாபடோயிட்டோயில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் இருக்கிறேன். பெயர், பிறந்த தேதி, எங்கே வலி.

இந்தக் குமரேசனைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்து இறங்கியபோது வெறும் தரையில் படுத்திருந்த எங்களுக்கு மெத்தை கொண்டுவந்து போட்டவர் அவர்தான். நல்லது செய்தவனைத் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது.

3

இனி அந்தக் கூட்டத்தொடர்.

இரண்டு கட்சிகள் கூட்டுச் சேர்ந்து தேர்தலில் ஜெயித்தன. ஒரு கட்சிக்கு மந்திரி பதவிகள், மற்றதற்குச் சபாநாயகர் நாற்காலி என்று பங்கு போட்டுக்கொண்டன. ஒன்றரை வருடத்தில் கூட்டு உடைந்தது. சபாநாயகரின் கட்சி எதிர்வரிசைக்குப் போய் உட்கார்ந்தது. ஆனால் சபாநாயகர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அரசும் விழவில்லை, யார் யாரையோ பிடித்துத் தலையை எண்ணிச் சரிக்கட்டினார்கள். ஆக, கீழே ஆட்சி ஒரு கட்சி, மேலே நாற்காலி இன்னொரு கட்சி. எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிபாதி.

நடுவில் எங்கள் மேசை.

அமைச்சர் எழுந்தால் சபாநாயகர் மைக்கை அணைப்பார். சபாநாயகர் பேசினால் ஆளும் வரிசை முழுக்க மேசையைத் தட்டும். ஒரு மசோதாவுக்கு வாக்கெடுப்பு என்றால் உறுப்பினர்களைக் கழிப்பறையிலிருந்துகூட இழுத்துவருவார்கள். காலில் கட்டுப் போட்ட ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தது ஒரு தரப்பு. அவர் உள்ளே வருவதற்குள் கதவைச் சாத்தச் சொன்னது இன்னொரு தரப்பு. குடிதண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆன மானியக் கோரிக்கைகள் கட்டுக் கட்டாக மேசையில் கிடந்தன. ஒன்றும் நிறைவேறவில்லை. கேன்டீனில் மட்டும் வடைக்கு இரண்டு கட்சியும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அங்கே மச்சான், மாமா என்றுதான் பேச்சு.

சாயங்காலமானால் எங்கள் அறைக்கு இரண்டு சீட்டு வரும். சபாநாயகர் அறையிலிருந்து, அமைச்சர் பேசிய இன்னின்ன வரிகளை அவைக்குறிப்பிலிருந்து நீக்கு என்று ஒன்று. அமைச்சர் அலுவலகத்திலிருந்து, நான் அப்படிச் சொல்லவில்லை, திருத்து என்று இன்னொன்று. எங்கள் தலைமை நிருபர் ஒரு விதி வைத்திருந்தார். "எழுத்துல உத்தரவு வராம ஒரு புள்ளியக்கூட அடிக்காதீங்க. வாயால சொன்னவன் நாளைக்கு இல்லம்பான்." அதனால் முதலில் எல்லாவற்றையும் முழுக்கத் தட்டச்சு செய்வோம். சீட்டு வந்த பிறகுதான் சிவப்புப் பென்சிலை எடுப்போம்.

ஒன்பதாம் நாள் ஒரு கவன ஈர்ப்பு வந்தது. அரசு மாணவர் விடுதி ஒன்றின் சமையல்கூடம் இடிந்து விழுந்து, பாக்கியம் என்ற சமையல்காரம்மா செத்துப்போயிருந்தார். விடுமுறை நாள் என்பதால் பிள்ளைகள் பிழைத்தார்கள். பாக்கியத்தின் கணவரை எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் பாஸ் வாங்கிக் கொடுத்துப் பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்திருந்தார். துக்கத்தையும் காட்சிக்கு வைத்தார்கள்.

என் முறை அப்போதுதான் தொடங்கியிருந்தது. எதிர்வரிசை கத்தியது, துறை அமைச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"அந்தக் கட்டடம் விழப்போவுதுன்னு இன்ஜினியர் எழுதின ஃபைல் மூணு மாசத்துக்கு முன்னாடியே, நாம கூட்டா இருந்தப்பவே எனக்கு வந்துருச்சுய்யா! இழுத்து மூடலாம்னு நான் பேனாவ எடுத்தேன். மூடாதே, பேரு கெட்டுரும்னு என் கையப் பிடிச்சது யாரு? இதோ, மேல உக்காந்திருக்கீங்களே, நீங்கதான்! ஏன்னா அதைக் கட்டினது உங்க மச்சான்!"

மைக் அணைந்திருந்தது. ஆனால் அமைச்சர் நின்ற முன்வரிசைக்கும் என் மேசைக்கும் நாலடிதான். ஒரு சொல் விடாமல் எடுத்தேன்.

சொல்லி முடித்த பிறகுதான், தானும் தெரிந்தே சும்மா இருந்ததைச் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. அவை கப்சிப். ஒன்பது நாளில் முதல் தடவையாக மின்விசிறிச் சத்தம் கேட்டது. சபாநாயகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்போது பேசியவை அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன" என்றார். அமைச்சர் பாதி எழுந்து, "நானும் அதையே கேட்டுக்கொள்கிறேன்" என்றார். இரண்டு வரிசையும் சேர்ந்து மேசையைத் தட்டின.

அந்தக் கூட்டத்தொடரில் ஒருமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

மாலையில் எழுத்தில் உத்தரவு வந்தது. அதுவும் ஒரே சீட்டில், இரண்டு கையெழுத்தோடு. நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.

4

இப்போது பாபடோயிட்டோய்க்கு வருவோம்: அந்த மின்னஞ்சலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாடகை மண்டபம், சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். அறுபது பேர் இருப்பார்கள்.

"அக்கா, நீங்க அசெம்ப்ளியில இருந்தவங்களாமே, மினிட்ஸ் எழுதிக் குடுங்களேன்" என்று தலைவர் சந்திரன் சார் கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும்? இத்தனை வருடத்தில் அந்த வேலையின் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ஒடாஹுஹு கடைத்தெருவுக்குப் போய்ப் புது நோட்டு வாங்கினேன், பென்சில் சீவினேன், மஞ்சள் சேலை கட்டினேன். முன்வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் எடுத்தேன். மினிட்ஸ் என்றால் இங்கே முடிவுகளை மட்டும் இரண்டு பக்கத்தில் எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மின்விசிறி சரியில்லை என்று ஒருவர் முனகியதுகூட என் நோட்டில் இருக்கிறது.

சாப்பாடு குமரேசன் கம்பெனியிலிருந்து. அவர்தான் சங்கத்தின் துணைத்தலைவர். செயலாளர் ரவீந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர், மளிகைக்கடை வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஆகாது. ஆண்டு விழாவுக்குச் சாப்பாட்டு ஆர்டர் யாருக்கு என்பதில் அன்று பிடித்துக்கொண்டது. என் இருபத்தேழாம் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

ரவீந்திரன்: "எல்லாத்துக்கும் உங்கட சாப்பாடுதான். மலிவு, மலிவு எண்டு சொல்லுறியள். ஏன் மலிவு எண்டு எல்லாருக்கும் தெரியும். அங்க நிண்டு பரிமாறுற பிள்ளையின்ர பாஸ்போர்ட்டைப் பூட்டி வச்சுக்கொண்டு வேலை வாங்கினா மலிவாத்தானே வரும்!"

குமரேசன்: "ஆமா, பூட்டித்தான் வெச்சிருக்கேன். என் லாக்கர்லதான் இருக்கு. இப்ப என்னாங்கிறீங்க? வாங்கி வெச்சுக்க, இல்லாட்டி வேற எடத்துக்கு ஓடிருவாளுகன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே அண்ணே! உங்க கடையில நிக்கிற ரெண்டு பேரு பாஸ்போர்ட்டு உங்க வீட்டு பீரோவுல இல்லேன்னு சொல்லுங்க, பார்ப்போம்!"

ரவீந்திரன்: "அது நான் பாதுகாப்புக்கு வச்சிருக்கிறன்."

(அமைதி.)

வேலைக்காரர்களின் கடவுச்சீட்டைப் பிடுங்கி வைப்பது இந்த நாட்டில் குற்றம். அது இரண்டு பேருக்கும் தெரியும் என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது. சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவிலிருந்த திறப்பில், குமரேசன் கம்பெனியில் வேலை செய்யும் கலிஸ்ரா கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். மன்னார்ப் பெண், முப்பது வயது இருக்கும். எல்லோரும் அவளைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தங்கள் ஃபோனைப் பார்த்தார்கள்.

சந்திரன் சார் என் பக்கம் குனிந்து, "இதெல்லாம் மினிட்ஸ்ல வேண்டாம்மா" என்றார். சட்டப்படி செய்வோம் என்று யாரோ சொல்ல, கை தூக்கச் சொன்னார்கள். இருபத்தெட்டாம் பக்கத்தில் இருப்பது அதுதான்: மேற்படி பேச்சை நீக்கத் தீர்மானம். முன்மொழிந்தவர் ரவீந்திரன். வழிமொழிந்தவர் குமரேசன். எதிர்ப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து நாற்பத்தொரு பக்கத்தையும் தட்டச்சு செய்து, தலைவருக்கும் செயலாளருக்கும் அனுப்பிவைத்தேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். வாயால் சொன்னால் அடிக்கக்கூடாது, எழுத்தில் உத்தரவு வர வேண்டும் என்ற பழைய புத்திதான். உத்தரவு வந்தால் அடித்துவிடலாம் என்றுதான் நானும் காத்திருந்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா இல்லை. செவ்வாய்க்கிழமை உத்தரவும் வந்தது.

5

நான் பதில் எழுதவில்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. குமரேசனும் ரவீந்திரனும் ஒரே காரிலிருந்து இறங்கினார்கள். கையில் ஒரு இனிப்புப் பெட்டி. என் கணவர் செந்தில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "உலகம் அழியப்போகுது" என்றார்.

நான் டீ போட்டேன். குமரேசன் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. வந்த புதுசுல நாம எப்பிடி இருந்தோம்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு பக்கம்தானே, எடுத்துருங்க."

"கம்ப்யூட்டர்ல எடுத்திரலாம். நோட்டுல இருக்கே" என்றேன்.

"அந்த நோட்டுல என்ன இருக்குன்னு இந்த ஆக்லாந்துல யாருக்குக்கா படிக்கத் தெரியும்? நீங்க இல்லேன்னா இல்ல. அவ்ளோதான்."

அவர் சொன்னது நிஜம். அந்தக் கோடுகளையும் சுழிகளையும் படிக்கத் தெரிந்த ஒருவரை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. நான் வாய் திறக்காவிட்டால் அது கிறுக்கல்.

ரவீந்திரன் கொஞ்சம் பதமாகச் சொன்னார். "தங்கச்சி, வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட ஆக்களை நாங்களே காட்டிக்குடுக்கக் கூடாது. சங்கத்தின்ர மானம் போயிடும். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கேல்லை."

"அப்ப அவ பாஸ்போர்ட்ட அவகிட்டயே குடுத்துருங்களேன். நானே அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுடறேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குமரேசன் சிரித்தார். "டிசம்பர் சீசன் முடியட்டும்க்கா."

டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். செந்தில் இனிப்புப் பெட்டியைத் திறக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "நமக்கு எதுக்கு ஊர் வம்பு? நாளைப்பின்ன ஒரு நல்லது கெட்டதுன்னா இவங்கதானே வரணும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அம்மா ஊரில் இறந்தபோது டிக்கெட் எடுத்து, விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டது குமரேசன்தான்.

என் மகள் ஆதிரா சோஃபாவில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் சாதி. எங்கள் பேச்சு அவளுக்கு ஓடாது என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவள் காதிலிருந்து அதைக் கழற்றினாள்.

"மம், ஹி ஜஸ்ட் கன்ஃபெஸ்ட். இன் அவர் லவுஞ்ச்." நம் வீட்டுக் கூடத்திலேயே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்கிறாள்.

"உனக்குப் புரிஞ்சுதா?"

"ஒய் டிட் யூ கிவ் தெம் டீ?" என்றாள்.

வீட்டுக்கு வந்தவர்களுக்கு டீ கொடுப்பது நம் வழக்கம் என்று ஏதோ சொன்னேன். அவள் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவள் தமிழை விட்டு விலகிப் போகிறாள் என்று எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன். அன்று அவள் விலகியது தமிழிலிருந்து இல்லை, என்னிடமிருந்து. எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று டீக் கோப்பைகளையும் இரண்டு தடவை கழுவினேன்.

6

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். செந்திலுக்கும் இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

அந்தக் கூட்டத்தொடர் முடிந்து இரண்டு மாதம் கழித்து, எங்கள் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். நரைத்த தாடி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. பாக்கியத்தின் கணவர். வழக்குப் போட்டிருக்கிறார். அமைச்சர் பேசியதை மாடத்தில் உட்கார்ந்து காதாரக் கேட்டவர் என்பதால், அச்சிட்ட அவைக்குறிப்பில் அது இருக்கும், வாங்கிக்கொண்டு போய் நீதிமன்றத்தில் காட்டலாம் என்று வந்திருக்கிறார். கீழே நூலகத்தில் குறிப்பைப் பார்த்தால் அது அங்கே இல்லை. யார் யாரையோ கேட்டு, படி ஏறி எங்களிடம் வந்துவிட்டார்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"அம்மா, நீங்கதானே அன்னைக்குக் கீழ உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தீங்க?"

என் நோட்டு அந்த மேசையின் கீழ் இழுப்பறையில்தான் இருந்தது. பழைய நோட்டுகளை அழிக்க இன்னும் எடுத்துப் போகவில்லை. சிவப்புப் பென்சில் போட்டது தட்டச்சுத் தாளில்தான். நோட்டில் ஒவ்வொரு சொல்லும் அப்படியே இருந்தது. என் முழங்காலுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்.

"நான் இல்லீங்க. அப்ப என் முறை முடிஞ்சிருச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "சரிம்மா" என்றார். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினார்.

"அன்னைக்கும் இதே பச்சைச் சேலைதாம்மா கட்டியிருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அதை விபத்து என்று முடித்துவிட்டார்கள். அமைச்சருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சபாநாயகருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தேர்தலில் இரண்டு கட்சியும் மறுபடி கூட்டு. நான் அரசியல்வாதிகளைத் திட்டாத நாளில்லை என்று செந்தில் கேலி செய்வார். அவர்களைத் திட்டினால் நாளெல்லாம் திட்டலாம், அது சுகம். அந்தப் படிக்கட்டில் இறங்கிப் போனவரை ஏமாற்றியது இரண்டு கட்சியும் இல்லை, நான். எனக்கு என் மேல் வருகிற கோபத்துக்கு இன்றுவரை பெயர் வைக்கத் தெரியவில்லை. அந்தச் சேலையை அதற்குப் பிறகு நான் கட்டவில்லை.

7

அடுத்த புதன்கிழமை கலிஸ்ரா கிளினிக்குக்கு வந்தாள். மணிக்கட்டில் ஆவி பட்டுக் கொப்பளித்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் மேசை முன் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுந்து வந்தாள்.

"அக்கா, அண்டைக்கு முன்னுக்கு இருந்து எழுதிக்கொண்டிருந்தது நீங்கள்தானே?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நான் ஒருத்தரோடயும் சண்டைக்குப் போகேல்லை அக்கா. மன்னாரில அம்மாக்குச் சரியான வருத்தம். ஆஸ்பத்திரியில விட்டிருக்கினம், எத்தினை நாளைக்கு எண்டு தெரியாது. போய்ப் பாக்கவேணும், பாஸ்போர்ட்டைத் தாங்கோ எண்டு கேட்டா, சீசன் முடியட்டும் எண்டுறார். இலவசமா சட்டம் சொல்லுற இடமொண்டுக்குப் போனன். ஆராவது சாட்சி இருக்கோ எண்டு கேட்டினம். அறுபது பேர் இருந்தவை எண்டு சொன்னன். பதினொரு பேரிட்டப் போய்க் கேட்டுப் பாத்திட்டன். எல்லாரும் அந்த நேரம் சாப்பாட்டு லைனில நிண்டவையாம். ஒண்டும் கேக்கேல்லையாம்."

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான்தானே அக்கா சாப்பாடு போட்டனான். ஒருத்தரும் லைனில நிக்கேல்லை."

அவளும் கோபப்படவில்லை. கோபப்பட வேண்டியவர்கள் எப்போதும் இப்படி மெதுவாகத்தான் பேசுகிறார்கள். கத்துவதெல்லாம் மற்றவர்கள். பதினொரு பேர்! அதில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவர்கள். ஊர் அரசியலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கையில் தட்டோடு ஒரு மணி நேரம் நியாயம் பேசுகிறவர்கள்.

"நாளைக்கு நாலு மணிக்கு ஒடாஹுஹு லைப்ரரிக்கு வா. நோட்ட எடுத்துட்டு வரேன்" என்றேன்.

அங்கே வாரத்தில் ஒரு நாள், நகல்களில் இலவசமாகக் கையெழுத்துப் போட்டுத் தர ஒருவர் உட்கார்ந்திருப்பார். கலிஸ்ரா அவரைச் சமாதான நீதவான் என்றாள். வயதான வெள்ளைக்காரர். நோட்டையும் நாங்கள் எடுத்திருந்த நகலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். பக்கத்து மேசையில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையைக் காட்டி, இது அந்த மாதிரி இல்லையே என்றார். சுருக்கெழுத்து என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் மனைவி இளம் வயதில் இங்கிலீஷில் சுருக்கெழுத்து எழுதுவாராம். "என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு நான் பொறுப்பில்லை. நகல் மூலத்தைப் போலவே இருக்கிறது என்று மட்டும் போடுகிறேன்" என்று சொல்லி, ஒவ்வொரு சுழியாக ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை வைத்தார். சட்டமன்ற நோட்டில் அரசாங்க முத்திரை இருக்கும். அது அவர்களுடையது, அழித்துவிட்டார்கள். இது நான் வாங்கிய நோட்டு.

அன்று மாலையே சங்கத்துக்குப் பதில் எழுதினேன். எழுத்தில் வந்த உத்தரவு கிடைத்தது, நிறைவேற்ற முடியாது, நாற்பத்தொரு பக்கமும் அப்படியே இருக்கும் என்று ஒரே வரி. அதன் பிறகு என் ஃபோனில் நடந்ததைப் பற்றி எழுதப் போவதில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று என்னைத் திட்டுவதில் இரண்டு தரப்பும் ஒற்றுமையாக இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன். மெத்தை விஷயத்தையும் குமரேசன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும், அது உண்மைதான். செந்தில் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அலமாரியிலிருந்து அந்த இனிப்புப் பெட்டியை எடுத்து, காரில் போய், குமரேசன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

கலிஸ்ரா கொடுத்த புகாரின் பேரில், வேலையிடத்து முறைகேடுகளை விசாரிக்கும் அதிகாரி நேற்று என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒரு சின்ன அறை, ஒரு மேசை. ஃபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் பெண். இங்கிலீஷில் எனக்கு வாய் குழறும் என்பதால் தமிழ் வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஆதிராவும் வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள்.

அதிகாரி கேட்டார். ஃபோனில் அந்தப் பெண் தமிழில் சொன்னாள்: "இது பேசப்பட்டபோது நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

"இருந்தேன். அது என் முறை" என்றேன்.

அதிகாரி தட்டச்சு செய்தார். ஒரு மணி நேரம் கேள்விகள் ஓடின. கடைசியில், வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்.

"அன்னைக்கு நான் மஞ்சள் சேலை கட்டியிருந்தேன். அதையும் எழுதிக்கச் சொல்லுங்க" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னாள். அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.